ஐப்பசி வந்தாச்சு, மஸ்க்ராட் பொறிக்கு மறுபடி இறங்குகிறவர்கள் உண்டா?

சம்பங்கோரை (லிண்ட்சே, ஒன்டாரியோ):

மீன்பிடிக்கு இந்த மன்றத்தில் உரையாடல் இழை இருக்கிறது, மான் வேட்டைக்கு இருக்கிறது, தக்காளிக்குக்கூட மூன்று இருக்கிறது. தோலுக்காகப் பொறி வைக்கிறதுக்கு ஒன்றையும் காணவில்லை. சரி, நானே தொடங்கி வைக்கிறேன்.

ஸ்கூகாக் ஆற்றுப் பக்கம் குடியிருக்கிறேன். டொரொன்டோவில் இருந்து வேலைக்காக இங்கே வந்த புதிதில், பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒருவரோடு வாய்க்கால் வாய்க்காலாகத் திரிந்து மஸ்க்ராட் (தண்ணீரில் வாழ்கிற பெரிய எலி வகை) பிடிக்கப் பழகினேன். மாகாணம் கேட்கிற 40 மணி நேர வகுப்பு, பரீட்சை, உரிமம் எல்லாம் முறைப்படி எடுத்ததுதான். 2013ல் ஒரு தோல் பத்து டாலரைத் தாண்டிப் போனது. சீனாவுக்கு வாங்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அது ஓய்ந்ததும் விலை மளமளவென்று இறங்கி, பெட்ரோல் செலவுக்கே கட்டவில்லை. பிள்ளைகளும் பிறந்தார்கள். பொறிகள் கராஜ் சுவரில் ஏறின. 2019 அக்டோபரில் டொரொன்டோவின் பெரிய ஏலக்கூடமான நாஃபா, கடன்காரர்களிடம் இருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டதோடு இந்தப் பக்கத்தில் பலர் கையைக் கழுவிவிட்டார்கள்.

இந்த ஆண்டு திரும்ப இறங்கப் போகிறேன். விலை ஏறிவிட்டது என்று இல்லை. பெரியவரின் மகன்தான் இப்போது பண்ணையைப் பார்க்கிறார். வடிகால் வாய்க்காலின் கரை முழுக்க மஸ்க்ராட் வளை. கோடையில் டிராக்டரின் பின்சக்கரம் கரையோடு உள்ளே இறங்கிவிட்டது. "நீ பிடிக்கிறாயா, ஆள் கூப்பிடவா?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே சம்மதம் சொன்னேன். உள்ளதைச் சொன்னால், நவம்பர் காலையில் அந்தத் தண்ணீருக்குள் நிற்கிறது எனக்குப் பிடிக்கும். மனைவிக்குத்தான் இது இன்னும் விளங்கவில்லை.

இரண்டு கேள்வி. என்னுடைய 110 ரகப் பொறிகள் (விலங்கைக் கவ்விக் கொல்கிற சின்னக் கம்பிச் சட்டப் பொறி) பழையவை, சிலதில் முத்திரையே அழிந்து போச்சு. சான்று பெற்ற பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? அடுத்தது, சீசன் திறந்த அன்றே வைப்பீர்களா, பொறுப்பீர்களா?

மினசோட்டா மணி:

வாங்க அண்ணா. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பொறுங்கள்.

பகல் குறையக் குறைய அடிமுடி அடர்ந்து வளரும். வளர்கிற காலத்தில் முடியின் வேரில் இருக்கிற நிறம் தோலின் உட்புறத்தில் நீலக் கறுப்பாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் உட்புறம் வெளுத்து, பாலேடு நிறத்துக்கு வரும். அதுதான் முற்றிய தோல். திறந்த அன்று பிடித்ததை உரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் நீலமாக இருக்கும். தரம் பிரிக்கிறவர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார். மஸ்க்ராட் முழுமையாக முற்றுவது உண்மையில் குளிர்காலக் கடைசியில்தான். அப்போது பனிக்கட்டி மூடிவிடும், வசந்தத்தில் ஆண்கள் ஒன்றை ஒன்று கடித்துத் தோலை ஓட்டையாக்கிவிடும். எனவே நவம்பர் நடுவில் இருந்து வாய்க்கால் உறையும் வரைக்கும் உள்ள இடைவெளிதான் நம் காலம். அது சில ஆண்டு மூன்று வாரம் நீளும், சில ஆண்டு ஒரே இரவில் முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் பண்ணைக்காரருக்கு வேண்டியது தோல் இல்லை, கரை. அவருக்குச் சீக்கிரம் வைத்தால்தான் லாபம். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். முதல் வாரம் பொறி வைக்காமல் நடந்து மட்டும் பாருங்கள் என்பது என் யோசனை.

பொறிக்கு வருகிறேன். கனடா மென்மயிர் நிறுவனம் வெளியிடுகிற பட்டியலில் தயாரிப்பாளர், மாடல் வாரியாக, எந்த விலங்குக்கு எது என்று இருக்கும். முத்திரை அழிந்ததை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் வாதாட முடியாது, தள்ளிவிடுங்கள். மிச்சத்திலும் ஸ்பிரிங்கை அழுத்திப் பாருங்கள். ஒற்றை விரலுக்குக் கேட்டால் அது செத்த ஸ்பிரிங். பழைய துரு, மண்ணெல்லாம் போக வேகவைத்து, சாயம் ஏற்றுங்கள். மெழுகு மட்டும் இந்த வகைப் பொறிக்கு வேண்டாம். வழவழத்துப்போய்க் கையிலேயே பாயும்.

கீரைத்தண்டு:

மன்னிக்கவும், இந்த இழையைப் படிக்கவே கூசுகிறது. நானும் கனடாவில்தான் இருக்கிறேன். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, கடையில் நல்ல ஜாக்கெட் இருக்கிறது. 2025ல் எதற்கு ஒரு எலியின் தோல்?

அப்புறம் "சான்று பெற்ற பொறி" என்று எல்லோரும் ஒரு நிம்மதியோடு சொல்கிறீர்கள். அது என்ன சான்று என்று தேடிப் பார்த்தேன். 1997ல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தம். கொல்லும் பொறியில் விழுந்த விலங்கு எத்தனை வினாடிக்குள் உணர்விழக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எர்மின், மார்ட்டன் இரண்டும் கீரி போன்ற சிறு விலங்குகள்: எர்மினுக்கு 45, மார்ட்டனுக்கு 120, மற்ற பெரும்பாலானவற்றுக்கு 300. 300 வினாடி என்றால் ஐந்து நிமிடம். அதுவும் சோதித்த விலங்குகளில் 80 சதவீதம் அந்த அளவுக்குள் வந்தால் பொறி தேறிவிடும். மிச்சம்?

சம்பங்கோரை:

நேராகக் கேட்டதுக்கு நன்றி. எண்கள் எல்லாம் சரி, நான் மறுக்க மாட்டேன்.

ஐந்து நிமிடம் என்பது உச்சவரம்பு. 110 ரகப் பொறி கழுத்தில் சரியாக விழுந்தால் அதுக்கு வெகு முன்னமே முடியும். விழாத நாளும் உண்டு. இடுப்பில் பிடித்தது என்றால் தண்ணீருக்குள் மூச்சடைத்துத்தான் சாகும், அது கெதியான சாவு இல்லை. பெரியவர் எனக்கு முதலில் சொல்லித் தந்ததே பொறியின் அகலமும் வளையின் வாயும் பொருந்த வேண்டும், இரண்டு பக்கமும் குச்சி நட்டு இடைவெளியை அடைக்க வேண்டும் என்பதைத்தான். விலங்கு தலையை நடுவில் நீட்டி வருகிற மாதிரி வழியைக் குறுக்கிவிட்டால் கழுத்தில் விழும். சும்மா தண்ணீரில் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு எங்கே வேண்டுமானாலும் விழும்.

எதற்குத் தோல் என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. கரைக்காக எப்படியும் யாராவது பிடிக்கத்தான் போகிறார்கள். கூலிக்கு வருகிறவர் தோலோடு குப்பையில் போடுவார். நான் உரித்துக் காயவைப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கீரைத்தண்டு:

"எப்படியும் யாராவது" என்பதை ஏற்க முடியவில்லை. கரையின் சரிவைக் குறைத்தால், கல் அடுக்கினால், கம்பிவலை பதித்தால் வளை தோண்டாது. பண்ணைக்காரர் அதுக்குச் செலவு செய்ய மாட்டார், பொறிக்காரர் இலவசம். உண்மை அதுதானே?

சம்பங்கோரை:

அதில் பாதி உண்மைதான். பாலத்துப் பக்கம் கல் அடுக்கியிருக்கிறார், அங்கே ஒரு வளையும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலுக்கும் கல் போட அவரிடம் காசு இல்லை.

பாலாற்றுக்காரி (பாஸ்டன்):

பொறி வைக்கிற ஆள் இல்லை நான், நகராட்சிகளுக்கு வெள்ள வடிகால் வேலை செய்கிறேன். இங்கே மாசசூசெட்ஸில் 1996ல் வாக்கெடுப்பு நடந்து, உடலைக் கவ்வும் பொறிகளைப் பெருமளவு தடுத்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பீவர், அதாவது மரத்தை வெட்டி ஓடையில் அணை கட்டுகிற விலங்கு, பெருகியது. கிணற்றில் தண்ணீர், செப்டிக் தொட்டியில் தண்ணீர், சாலையில் தண்ணீர் என்று புகார் குவிந்து, 2000ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதார வாரியத்திடம் அவசர அனுமதி வாங்கினால் பொறி வைக்கலாம் என்று ஆனது.

இதை வைத்துப் பொறிக்காரர்கள் "பார்த்தீர்களா" என்பார்கள். முழுக்கதை அப்படி இல்லை. சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வர்ட்டின் வாயில் வேலி கட்டி, அணைக்குள் குழாய் விட்டு நீர்மட்டத்தைப் பிடித்துவைத்தால் பல இடங்களில் பீவரும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. பீவரைப் பிடித்து அப்புறப்படுத்தினால் நல்ல இடம் காலியாகிறது, அடுத்த குடும்பம் வந்துவிடுகிறது. குழாய் எடுபடாத இடமும் உண்டு, குறிப்பாகத் தட்டையான நிலத்தில். அங்கே நாங்களும் பொறிக்காரரைத்தான் கூப்பிடுகிறோம்.

பழையகணக்கு:

பீவர் பேச்சு வந்ததால் நான் சும்மா இருக்க முடியவில்லை. 1670 மே 2ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தது இந்தத் தோலுக்காகத்தான். கோட்டுக்கு இல்லை, தொப்பிக்கு! பீவரின் அடிமுடியில் நுண்ணிய முட்கள் உண்டு. நனைத்து அழுத்தினால் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு உறுதியான ஃபெல்ட் ஆகிவிடும். ஐரோப்பாவில் மரியாதைப்பட்டவன் தலையில் எல்லாம் அதுதான். கம்பெனியின் கணக்கு வழக்கே பீவரில் ஓடியது. நல்ல முற்றிய ஒரு தோல் ஓர் அலகு, கத்தி, துப்பாக்கி, போர்வை எல்லாவற்றுக்கும் தோல் கணக்கில்தான் விலை. போட்டிக் கம்பெனியோடு அடித்துப் பிடித்து 1821ல் இரண்டும் ஒன்றானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஓரங்கட்டியது. அதுக்குள் பீவர் பல ஆறுகளில் இல்லாமலே போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால் இன்றைக்கும் பீவர் தோலுக்குக் கொஞ்சமாவது விலை இருப்பது தொப்பியால்தான். கவ்பாய் தொப்பி செய்கிறவர்கள் வாங்குகிறார்கள். 355 ஆண்டு கழித்து கம்பெனி தன் கடைசிக் கடையையும் 2025ல் மூடிவிட்டது, தொப்பிக்காரன் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறான்.

மூசோனி டீச்சர்:

பழையகணக்கு அண்ணை விட்ட இடத்தில் இருந்து. நான் ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் படிப்பித்தேன். அங்கே கிரீ பூர்வகுடி மக்கள் வீட்டில் கதைக்கிற ஒரு விஷயம் உண்டு. 1920களின் கடைசியில் ரூப்பர்ட் ஆற்றுப் பக்கம் பீவர் கிட்டத்தட்ட அழிந்து, குடும்பங்கள் பட்டினி கிடந்தன. வெளியில் இருந்து வந்தவர்கள் கிடைத்ததை எல்லாம் வழித்துக்கொண்டு போனது ஒரு முக்கியக் காரணம். ரூப்பர்ட் ஹவுஸில் கம்பெனி மேலாளராக இருந்த ஜேம்ஸ் வாட்டும் அவர் மனைவி மோட் வாட்டும் கியூபெக் அரசிடம் கேட்டு, 1932ல் ஒரு பீவர் காப்பகத்தை வாங்கினார்கள். காவல் காத்ததும், எந்தக் குடும்பத்தின் நிலத்தில் எத்தனை பீவர் வீடு என்று எண்ணிக் கணக்கு வைத்ததும் கிரீ ஆட்கள்தான். எண்ணிக்கை ஏறிய பிறகு, இத்தனைதான் என்று அளந்து மறுபடி பிடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் குடும்ப நிலமுறை கிரீ மக்களிடம் அதுக்கு முன்னமே இருந்ததுதான், அரசாங்கம் பிறகு அதுக்கு முத்திரை குத்தியது.

கீரைத்தண்டு தங்கச்சி, உங்கள் கோபம் எனக்கு விளங்கும். ஆனால் வடக்கில் ஒரு கிலோ தக்காளி விற்கிற விலையைப் பார்த்தால் "கடையில் எல்லாம் இருக்கு" என்று சொல்ல வாய் வராது. அங்கே பீவர் முதலில் சாப்பாடு, அதுக்குப் பிறகுதான் தோல்.

கீரைத்தண்டு:

வடக்கில் வாழ்கிறவர்களை நான் சொல்லவில்லை அக்கா. லிண்ட்சேயில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.

மூசோனி டீச்சர்:

அது சரி.

கொழும்பான்:

முக்கியமான கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. மஸ்க்ராட் இறைச்சி எப்படி? கறி வைக்கலாமா?

சம்பங்கோரை:

வைக்கலாம். கொழுப்பை ஒரு துளி விடாமல் எடுக்க வேண்டும், வால் பக்கத்துக் கஸ்தூரிச் சுரப்பி கிழியாமல் வெட்டி எறிய வேண்டும், ஒரு இரவு உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும். மிளகு தாராளம். டெட்ராய்ட்டுக்குத் தெற்கே மிச்சிகன் கரையில் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில்கூட இதைச் சாப்பிடுகிற வழக்கம் நெடுநாளாக உண்டு, தண்ணீரில் வாழ்வதால் மீன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ருசி முயலுக்கும் வாத்துக்கும் நடுவில். வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, வெளி அடுப்புத்தான்.

பேயூ பாலா (ஹூஸ்டன்):

எங்கள் பக்கத்து லூசியானாவில் கதையே தலைகீழ். அங்கே நியூட்ரியா என்ற பெரிய நீரெலி, தென்னமெரிக்காவில் இருந்து 1930களில் தோலுக்காகக் கொண்டுவந்தது. தப்பிப் பெருகிச் சதுப்பு நிலப் புல்லை வேரோடு தின்கிறது, மண் கடலில் கரைகிறது. 2002ல் இருந்து அரசு வாலுக்குக் காசு கொடுக்கிறது. 4 டாலரில் தொடங்கி இப்போது ஒரு வால் 6 டாலர். தோலை யாரும் கேட்பதில்லை. கீரைத்தண்டு, இதுக்கும் எதிர்ப்பா?

கீரைத்தண்டு:

இல்லை. மனுஷன் செய்த வினையை மனுஷன்தான் அறுக்க வேண்டும். மஸ்க்ராட் அப்படி இல்லை, ஸ்கூகாக்கில் அதுதான் ஊர்க்காரன், சம்பங்கோரை அண்ணாதான் வந்தேறி :)

சம்பங்கோரை:

:) ஒப்புக்கொள்கிறேன்.

முதல்தடவை (சட்பரி):

வணக்கம். நான் இந்தக் கோடையில்தான் வகுப்பு முடித்தேன். வகுப்பில் பொறியைக் காட்டினார்கள், கரையைக் காட்டவில்லை. வாய்க்காலில் எங்கே வைப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? தண்ணீர் எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது.

மினசோட்டா மணி:

நல்ல கேள்வி தம்பி, இதுதான் முழு வேலையும். ஊரில் மடை வாயில் பறி வைத்து மீன் பிடித்ததைப் பார்த்திருந்தால் பாதி தெரியும்: எது எப்படியும் அந்த வழியாகப் போயாக வேண்டுமோ அங்கே வை.

தண்ணீர் தெளிந்து, குறைந்து இருக்கும்போது நடங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் அடி தெரியும். வாய்க்காலின் அடி பொதுவாகச் சேறும் இலையும் மூடிக் கிடக்கும். கரையை நோக்கி ஓர் அடி அகலத்துக்கு ஒரு பள்ளம், அதில் மட்டும் சேறு இல்லாமல் களிமண் வழித்துவிட்ட மாதிரி வெறுமையாகத் தெரிந்தால், அது தினம் கால் படுகிற தடம். அதன் முடிவில் தண்ணீருக்குக் கீழே வளையின் வாய். தடத்தில் காலை வைத்தால் கெட்டியாக இருக்கும், ஒரு சாண் தள்ளி வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பழைய வளை என்றால் தடத்தின் மேல் மெல்லிய சேறு படிந்திருக்கும், அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். அருகே கோரைத் தண்டு நறுக்கி மிதக்கிறதா பாருங்கள். வெட்டு வெள்ளையாக இருந்தால் நேற்றிரவு, பழுப்பாக இருந்தால் போன வாரம். நீர் நடுவே கிடக்கிற கட்டையில் எச்சம் இருந்தால் அதுவும் கணக்கு.

பொறி முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் வாத்து தலையை விடும். தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை என்றால் இன்னும் கவனம். இங்கே மினசோட்டாவில் ஒவ்வொரு பொறியிலும் உரிமையாளர் அடையாளத் தகடு கட்டாயம், உங்கள் ஊர் விதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் விடிந்ததும் எல்லாப் பொறியையும் பார்த்துவிடுவேன், விதி எதுவானாலும்.

சம்பங்கோரை:

மணி சொன்னதோடு சேர்த்து: பீவருக்கு 330 ரகப் பொறி வாங்கும் எண்ணம் இருந்தால், முதல் ஆண்டு வேண்டாம். பத்து அங்குலச் சதுரம், இரண்டு ஸ்பிரிங், கை எலும்பை முறிக்கும். தனியாக வைக்கிறவர் மற்றக் கையால் விடுவித்துக்கொள்ளக் கயிறு ஒன்று எப்போதும் பல்லுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதோடு நீர்நாய் இருக்கிற ஆறு என்றால் விசைக்கம்பியை ஓரமாகத் தள்ளி வையுங்கள். பீவரின் பருத்த உடம்பு கம்பியில் முட்டும், மெலிந்த நீர்நாய் பெரும்பாலும் நழுவிவிடும்.

மூசோனி டீச்சர்:

கையுறை! ஒருவரும் சொல்லவில்லை. உரிக்கும்போது வெறுங்கையோடு இருக்காதீர்கள். மஸ்க்ராட், பீவர் இரண்டுக்கும் டுலரீமியா என்ற தொற்றுநோய் வரும், அது நமக்கும் ஒட்டும், கையில் சின்னக் கீறல் போதும். ஈரலில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேலே ஒன்றும் செய்யாமல் பையில் கட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவும் கூடாது.

முதல்தடவை:

நன்றி அக்கா. உரித்த பிறகு? யூடியூப்பில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

சம்பங்கோரை:

மஸ்க்ராட் எளிது. ஒரு பின்குதிகாலில் இருந்து மற்றதுக்கு ஒரே வெட்டு, பிறகு உட்புறம் வெளியே வர உருவிக்கொண்டே வர வேண்டியது. காது, கண், மூக்குக்கு மட்டும் கத்தி. முடி ஈரமாக இருந்தால் முதலில் தொங்கவிட்டு உலரட்டும். கொழுப்பைச் சுரண்டும்போது முதுகில் மெல்லிய சிவப்புத் தசை ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். புதியவர்கள் அதையும் சுரண்டி முடியின் வேரை அறுத்துவிடுகிறார்கள், தோலின் மறுபக்கத்தில் முடி கொட்டும். கம்பிச் சட்டத்தில் தோல் வெளியே, முடி உள்ளே. முதுகு ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம் நேராக நிற்க வேண்டும். காயவைக்க அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். சூட்டில் கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கினால் எரிந்த மாதிரி ஆகும், ஏலத்தில் அதுக்கு ஒன்றும் கிடையாது. 10 முதல் 15 டிகிரி, காற்றோட்டம், அவ்வளவு போதும். என் கராஜ் நவம்பரில் தானாகவே அந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

பீவர் வேறு. வயிற்றில் நீளமாக வெட்டி, விரித்து, பலகையில் வட்டமாக ஆணி அடிக்க வேண்டும். நீளமும் அகலமும் கூட்டித்தான் அளவு. காஸ்டர் சுரப்பி இரண்டையும் கிழியாமல் எடுத்துத் தொங்கவிடுங்கள். வாசனைத் தொழிலுக்கும் பொறிக்காரர்களின் ஈர்ப்பு மருந்துக்கும் போகும், சில ஆண்டு தோலைவிட அதுக்குத்தான் காசு.

காவிரிக்கரை (திருச்சி):

படிக்கச் சுவையாக இருக்கிறது. எங்கள் ஊர்க் காவிரியில் நீர்நாய் குடும்பம் குடும்பமாக இருக்கிறது, மீன்வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். அதுக்கு இந்த மாதிரி...

மினசோட்டா மணி:

அங்கேயே நிறுத்துங்கள் அண்ணே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நீர்நாய்க்குப் பொறி என்றால் நேராக ஜெயில். தோல் கடத்தலால் இந்தியாவில் பல ஆறுகளில் அது குறைந்துபோன விலங்கு. இங்கே எண்ணி, அளந்து, உரிமம் கொடுத்துப் பிடிக்கிறதை அங்கே பொருத்தவே கூடாது.

காவிரிக்கரை:

சரிங்க, கேட்கத்தான் செய்தேன். நான் வலைக்காரனும் இல்லை.

பழையகணக்கு:

சம்பங்கோரை, விற்பனை எங்கே? நாஃபா போன பிறகு வழி இருக்கிறதா?

சம்பங்கோரை:

நார்த் பேயில் ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஏலம் நடக்கிறது. பொறிக்காரர்களே நடத்துகிற இடம், பூர்வகுடிப் பொறிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் சமபங்கு. விலை பற்றிக் கனவு வேண்டாம். மஸ்க்ராட் ஒற்றை இலக்க டாலர்தான். நான் போட்ட கணக்குப்படி புதுப் பொறி, பூட்ஸ், பெட்ரோல் எல்லாம் கழித்தால் இந்த ஆண்டு கைக்காசுதான் போகும். ஆனாலும் மான் வேட்டைக்காரர்கள் செலவழிக்கிறதைப் பார்த்தால் நான் சிக்கனக்காரன்.

கீரைத்தண்டு:

ஒரே ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. மஸ்க்ராட் எண்ணிக்கை வட அமெரிக்கா முழுக்கப் பல பத்தாண்டுகளாகக் குறைகிறது என்று படித்தேன். பண்ணைக்காரர் வாயால் "நிறைய இருக்கு" என்றால் போதுமா? நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள்?

சம்பங்கோரை:

குறைவது உண்மை. சதுப்பு நிலம் போனது, வெளியூர்க் கோரை ஆக்கிரமித்தது என்று பல காரணம் சொல்கிறார்கள், பொறி வைக்கிறவர்கள் குறைந்த பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை.

எப்போது நிறுத்துவேன் என்றால்: டிராக்டர் போகிற கரையில் மட்டும் வைப்பேன். பின்பக்கச் சதுப்பில் மஸ்க்ராட் கோரையால் கட்டிய வீடுகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போக மாட்டேன். வாய்க்காலில் தொடர்ந்து இரண்டு காலை வெறும் பொறி என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். இதைப் பண்ணைக்காரரிடமும் சொல்லியாச்சு, அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

கீரைத்தண்டு:

பிடிக்கவில்லை, ஆனால் சொன்னதைச் செய்தால் என் வெறுப்புக் கொஞ்சம் குறையும்.

முதல்தடவை:

அண்ணா, நீங்கள் நவம்பரில் வைக்கும்போது ஒரு சனிக்கிழமை நானும் வரலாமா? உரிமம் இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது.

சம்பங்கோரை:

வாங்க தம்பி. தனிமடலில் முகவரி தருகிறேன். சட்பரியில் இருந்து நீண்ட ஓட்டம், வெள்ளி இரவே வந்து தங்குங்கள். பூட்ஸ் இடுப்பு வரைக்கும் வரவேண்டும், முழங்கால் பூட்ஸ் உதவாது. மாற்று உடுப்பு ஒன்று காரில் இருக்கட்டும். உரிக்கிற கத்தி என்னிடம் இரண்டு இருக்கிறது, வாங்காதீர்கள்.